அவசரம்: ஏர் மோட்டார் 10 நிமிடத்தில் உறையுது, கம்ப்ரசர் எண்ணெயும் பாலாகிடுச்சு

தோட்டப்பட்டறை (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம் அண்ணன்மாரே. பகல்ல கம்ப்ரசர் ஓடும்போது டேங்குல காற்று நிரப்பி, ராத்திரி அதுல ஏர் மோட்டார் (காற்றழுத்தத்துல சுத்துற மோட்டார்) ஓட்டி விளக்கு எரிக்கிறோம். கம்ப்ரசர் சூட்டை வெந்நீர்ல பிடிச்சு, அந்த நீராலதான் காற்றைச் சூடாக்குறோம். அப்படியும் மோட்டார்ல காற்று வெளியேறுற சைலன்சர்ல பனி கட்டி மோட்டார் நின்னுடுது. மூணு நாளா எண்ணெய்க் கண்ணாடியில தே தாரிக் (பால் டீ) நிறம். சீக்கிரம் சொல்லுங்க.

காற்றுக்குழாய்:
என்ன கம்ப்ரசர்? எத்தனை பார் அழுத்தம்? டேங்க் எவ்வளவு?

பால்மரம்:
டிரையர் (காற்றோட ஈரத்தை எடுக்கிற கருவி) போயிருக்கும். வேற எதையும் தொடாதீங்க.

தோட்டப்பட்டறை:
37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர், 8 பார், டேங்க் 2000 லிட்டர், மோட்டார் 300 வாட். டிரையர் 3 டிகிரி காட்டுது.

பழையஇஞ்சின்:
தம்பி, இதையெல்லாம் கணக்குப் போட்டுட்டுத் தொடங்கணும். 2000 லிட்டர், 8 பார்னா ஏட்டுக் கணக்குல மொத்தமே 0.65 யூனிட். கைக்கு வர்றது கால் பங்கு. பேட்டரி வாங்குங்க.

பால்மரம்:
ஜெர்மனியில ஹுன்டோர்ஃப் மின்நிலையம் 1978லேர்ந்து காற்றைச் சேமிச்சுத்தானே மின்சாரம் எடுக்குது?

பழையஇஞ்சின்:
அது ஏறக்குறைய 3 லட்சம் கனமீட்டர் உப்புக் குகை. காற்றைச் சூடாக்க எரிவாயு எரிக்கிறாங்க. அமெரிக்காவுல அலபாமாவுல 1991ல வந்த மெக்கின்டோஷ் நிலையம்தான் வெளியேறும் புகையின் சூட்டை மீட்டு, எரிபொருளைக் கால் பங்கு குறைச்சுது. டேங்கையும் குகையையும் ஒண்ணா வைக்காதீங்க.

காற்றுக்குழாய்:
அந்தப் பேச்சு அப்புறம். பட்டறைக்காரரே, பேனல்ல டிஸ்சார்ஜ் சூடு (கம்ப்ரசரை விட்டு வெளியேறும் காற்றோட சூடு) எவ்வளவு? காற்றைச் சூடாக்குற அந்த வெந்நீர் ஹீட்டர் எங்க இருக்கு?

தோட்டப்பட்டறை:
64 டிகிரி. ஹீட்டர் டேங்க் பக்கத்துல. மோட்டார் 12 மீட்டர் தள்ளி.

காற்றுக்குழாய்:
ரெண்டு கோளாறு. சூட்டை அளவுக்கு மீறி உறிஞ்சுறீங்க. நம்ம ஊர்ல 30 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றை 8 பாருக்கு அழுத்தினா 71 டிகிரியிலேயே நீர் பிரிஞ்சிடும். 64ல ஓடினா எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே தண்ணீர் சேருது. 80க்குக் கீழே விடாதீங்க. தெர்மோஸ்டாட் வால்வுக்கு அப்புறம், எண்ணெய் கூலருக்குப் போற வழியில எக்ஸ்சேஞ்சரை (எண்ணெய்ச் சூட்டைத் தண்ணீருக்கு மாத்துற கருவி) மாட்டுங்க. எண்ணெய் சூடேறாத வரைக்கும் வால்வு அதை அந்தப் பக்கமே விடாது.

எண்ணெய் மாத்தாம ஓட்டினா பேரிங் துருப்பிடிக்கும். ராத்திரி ஆறவிட்டு, அழுத்தம் பூஜ்யம்னு பார்த்துட்டு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன அடித் திருகைத் திறந்தா முதல்ல தண்ணீர் வரும். அதுக்கப்புறம் எண்ணெய், ஃபில்டர், செப்பரேட்டர் (காற்றுல இருந்து எண்ணெயைப் பிரிக்கிறது) மூணையும் மாத்துங்க.

பனி விஷயம்: 12 மீட்டர் வெறுங்குழாய்ல சூடெல்லாம் போயிடுது. காற்று விரியும்போது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், 3 டிகிரி டிரையர் அதுக்குப் போதாது. ஹீட்டரை அழுத்த ரெகுலேட்டருக்கு அப்புறம், மோட்டாருக்கு ஒரு மீட்டருக்குள்ள வைங்க. குழாய்ல சூடு போகாம ராக்வூல் சுத்துங்க. நுழைவுல 55, 60 டிகிரி போதும். அதுக்கு மேலே போகணும்னா மோட்டார் புத்தகத்தைப் பாருங்க.

பால்மரம்:
எக்ஸ்சேஞ்சர் ஒழுகினாலும் எண்ணெய் பாலாகுமே?

காற்றுக்குழாய்:
ஆகும், சரியான கேள்வி. ஓடும்போது எண்ணெய்க்குத்தான் அழுத்தம் அதிகம். அதனால வெந்நீர்த் தொட்டியில எண்ணெய்ப் படலம் மிதக்கும். நிறுத்தினதும் தண்ணீர் எண்ணெய்க்குள்ள போகும். படலம் இல்லைன்னா ஒழுகல் இல்லைன்னு ஓரளவு நம்பலாம்.

டேங்க் டிரெயினையும் பாருங்க. இந்த அளவு கம்ப்ரசர் முழு லோடுல மணிக்கு 7 லிட்டருக்கு மேல தண்ணீர் தள்ளும்.

தோட்டப்பட்டறை:
மாத்தியாச்சு. இப்ப 84. காற்று தீரும்வரை 18 நிமிடம் ஓடுச்சு, பனி இல்லை. நன்றிண்ணே.

பழையஇஞ்சின்:
அந்த டேங்குக்கு டோஷ் (மலேசிய வேலையிடப் பாதுகாப்புத் துறை) தகுதிச் சான்றிதழ் இருக்கா? பிஎம்டி (PMT) பதிவு எண் தகட்டுல அடிச்சிருக்கா?

காற்றுக்குழாய்:
வெந்நீர்த் தொட்டியில எண்ணெய்ப் படலம் இருந்துச்சா, அதையும் சொல்லுங்க தம்பி.