பொய் சாட்சி சொன்ன போலீஸ்காரருக்கு ஏன் எதுவும் ஆவதில்லை?

ஓடைக்கரை:
என் தம்பி மேல் போட்ட கஞ்சா வழக்கு போன மாதம் விடுதலையில் முடிந்தது. பஸ் நிறுத்தத்தில் பிடித்தோம், அங்கேயே மகஜர் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பத்திரம்) எழுதினோம், ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகுதான் எஃப்ஐஆர் போட்டோம் என்று எஸ்ஐ கூண்டில் ஏறிச் சொன்னார். ஆனால் அந்த மகஜரின் தலைப்பிலேயே குற்ற எண் எழுதியிருக்கிறது, அதே கையெழுத்து, அதே மை. எஃப்ஐஆரே போடாதபோது நம்பர் எங்கிருந்து வந்தது என்று வக்கீல் கேட்டதும் "ஞாபகம் இல்லை" என்றார். தீர்ப்பில் இதைக் குறிப்பிட்டு, அரசுத் தரப்புச் சாட்சியம் நம்பும்படி இல்லை, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) அளித்து விடுதலை செய்கிறேன் என்று எழுதியிருக்கிறார் நீதிபதி. அதோடு சரி. ஜாமீன் கிடைக்காமல் உள்ளே கிடந்தவன் வேலையை இழந்தான், பார்த்து வைத்திருந்த சம்பந்தமும் போனது. அந்த எஸ்ஐ இப்போது இன்ஸ்பெக்டர். நாங்களே அவர் மேல் கேஸ் போட முடியாதா?

கறுப்பு கோட்டு:
பொய் சாட்சிக்காக நீங்கள் நேரடியாகப் போட முடியாது. அந்த நீதிமன்றமே எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் வழக்கு நடக்கும் (குற்ற நடைமுறைச் சட்டப் பிரிவு: பழைய சிஆர்பிசி 195, இப்போது பிஎன்எஸ்எஸ் 215). அப்படிப் புகார் கொடுக்கும்படி அதே நீதிமன்றத்தில் மனு போடலாம், பழைய 340, இப்போது 379. தள்ளுபடி ஆனால் மேல்முறையீடும் உண்டு. சாட்சி சொன்ன தேதியைப் பொறுத்து பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி 193 அல்லது புதிய பிஎன்எஸ் 229, ஏழு ஆண்டு வரை தண்டனை.

இனிமேல்தான் சிக்கல். பொய் என்று தெரிந்தால் மட்டும் போதாது, புகார் கொடுப்பது நீதியின் நலனுக்குத் தேவை என்றும் நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2005இல் இதை உறுதிப்படுத்திவிட்டது. அப்புறம், "நம்பும்படி இல்லை" என்பது வேறு, "தெரிந்தே பொய் சொன்னார்" என்பது வேறு. பெரும்பாலும் முதலாவதோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் வழக்கில் ஆவணமே பேசுவதால் முயற்சி செய்து பார்க்கலாம். மகஜர், எஃப்ஐஆர், எஸ்ஐயின் குறுக்கு விசாரணை மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

பழைய பெஞ்ச் கிளார்க்:
தம்பி, வருஷக்கணக்கில் கோர்ட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். அதே எஸ்ஐதான் நாளைக்கு வாரண்டை நிறைவேற்ற வேண்டும், சாட்சியைக் கூட்டி வர வேண்டும், ரிமாண்டுக்கு ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவர்மேல் புகார் எழுத நீதிபதியின் பேனா தயங்கும். அரசு வக்கீலும் அவரை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறார். இது யாரோ ஒருவருடைய கெட்ட குணம் இல்லை, ஏற்பாடே அப்படி.

ஆனால் ஒன்று இருக்கிறது. குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் மாநில அரசு ஆராய வேண்டும், தவறு செய்த விசாரணை அதிகாரி மேல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. உங்கள் தீர்ப்பை அப்படி யாராவது ஆராய்ந்தார்களா, என்ன முடிவு எடுத்தார்கள் என்று ஆர்டிஐயில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அதை வைத்து மேலே போகலாம்.

நேர்வழி:
எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள். ஆள் பற்றாக்குறை, மேலிடத்து நெருக்கடி, பொதுச் சாட்சி வரப் பயப்படுகிறான். எழுத்தில் ஒரு பிழைக்கெல்லாம் போலீஸை ஜெயிலில் போட்டால் நாளைக்கு எவனும் கஞ்சா பிடிக்கப் போக மாட்டான்.

கறுப்பு கோட்டு:
எழுத்துப்பிழைக்கு யாரும் ஜெயில் கேட்கவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியதை பஸ் நிறுத்தத்தில் எழுதியதாகச் சத்தியம் செய்து சொல்வது பிழை ஆகாது. நீங்கள் சொல்வதையே இங்கிலாந்தில் ஒரு பெரிய நீதிபதியும் சொன்னார். பர்மிங்காம் குண்டுவெடிப்பில் 1975இல் ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேர், போலீஸ் அடித்தது என்று நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1980இல் டென்னிங் பிரபு அதைத் தள்ளுபடி செய்தார். இவர்கள் ஜெயித்தால் போலீஸ் பொய் சத்தியம் செய்ததாக ஆகிவிடும், அது நினைத்தே பார்க்க முடியாத பயங்கரம், எனவே வழக்கு மேலே போகக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். போலீஸ் எழுதிய விசாரணைக் குறிப்புகள் நம்பத் தகுந்தவை அல்ல என்று தடயவியல் சோதனையில் தெரியவந்து, 1991இல் ஆறு பேரும் வெளியே வந்தார்கள். போன 16 வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? பொய் சாட்சிக்காகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று அதிகாரிகள் மேலான வழக்கும் 1993இல் விசாரணை நடக்காமலே நிறுத்தப்பட்டது.

ஓடைக்கரை:
நன்றி சார், நன்றி ஐயா. நாளைக்கே நகல் மனு போடுகிறேன். மகஜர் சாட்சிகள் இரண்டு பேரும் பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள், ஸ்டேஷனில் வைத்து வெற்றுத் தாளில்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொன்னார்கள். அதையும் சேர்க்கலாமா? ஸ்டேஷன் சிசிடிவி கேட்டால் கிடைக்குமா?

கறுப்பு கோட்டு:
அவர்கள் சாட்சியத்துக்கும் நகல் வாங்குங்கள், முக்கியம். சிசிடிவி இனி கஷ்டம். ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் 2020 உச்ச நீதிமன்ற உத்தரவு, உங்கள் வழக்கில் அது தாண்டியிருக்கும். இதைப் படிக்கிற வேறு யார் வீட்டிலாவது கைது நடந்தால், அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் ரிமாண்டு அன்றைக்கே மனு கொடுத்துவிடுங்கள்.