மறு: "ட்ரில்" எண்டதுக்குத் தமிழ், நடைக்கோலம் சரிவருமோ?

எல்லாருக்கும் வணக்கம்,

மடல் எல்லாத்தையும் இப்பதான் ஒரேயடியா இருந்து வாசிச்சன், இஞ்ச கிளிநொச்சியில பின்னேரம் முழுக்கக் கரண்ட் இல்ல. நடந்துகொண்டு வாசிக்கிற பாண்ட் பிள்ளையளுக்கு எழுதுற கைநூலில "ட்ரில்" எண்டு வாற இடத்தில என்ன போடுறது எண்டுதான கதை. வந்த சொல்லு மூண்டிலயும் எனக்கு ஒண்டும் மனசுக்குப் பிடிக்கேல்ல.

> "பயிற்சி" எண்டே விட்டா என்ன?

அகராதியில அப்பிடித்தான் கிடக்கு, ஆனா பாண்டில ட்ரில் எண்டா ஒத்திகை இல்லையே. ஆர் எந்தக் கவுண்டில (தாள எண்ணிக்கையில) எங்க நிக்கிறது, அங்கயிருந்து அடுத்த இடத்துக்கு எத்தினை காலடியில போறது எண்டு எழுதிவைக்கிற திட்டம் அது. அமெரிக்காவில ட்ரில் எழுதுறது ஒரு தொழில். "பயிற்சி எழுதுறவர்" எண்டா எங்கட பிள்ளையள் கணக்குப் புத்தகம் போடுறவர் எண்டுதான் நினைக்குங்கள். போதாததுக்கு இல்ல விளையாட்டுப் போட்டியில உடற்பயிற்சிக் கண்காட்சி எண்டு ஒண்டு ஏற்கெனவே இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்புவினம்.

> "அணி வியூகம்" கம்பீரமா இருக்கும்

அண்ணை, கொழும்பில இருந்து பாக்க அது மகாபாரதச் சொல்லு, நான் மறுக்கேல்ல. வன்னியில ஒரு தாயிட்டப் போய் "உங்கட பிள்ளையை வியூகத்தில நிப்பாட்டியிருக்கிறம்" எண்டு சொல்லிப் பாருங்கோ. 2009க்கு முதல் இஞ்ச அந்தச் சொல்லு எங்க எங்க கேட்டது எண்டு உங்களுக்கும் தெரியும். அணிவகுப்புக்கும் இதே கதிதான். அணிநடை மட்டும் தப்பிச்சிட்டுது, அது விளையாட்டுப் போட்டியோட ஒட்டிப்போன சொல்லு.

"நகர்வு வரைபடம்" பிழையில்ல, ஆனா அது கடதாசிக்கு மட்டுந்தான் பேர். நடக்கிற காரியத்துக்குப் பேர் வேணும், அதிலயும் பாட்டும் நடையும் சேத்துத்தான் எழுதப்படுது எண்டது சொல்லில கொஞ்சமாவது மணக்கோணும். ஏன் இதில நிண்டு பிடிக்கிறன் எண்டா, அமெரிக்காவில இதை ஆடுறது அவையின்ர அமெரிக்கன் ஃபுட்போல் மைதானத்தில, 100 யார் நீளம், 5 யாருக்கு ஒரு வெள்ளைக்கோடு, அந்த 5 யாரை 8 காலடியில கடந்தா ஒரு காலடி 22.5 அங்குலம், அதுதான் வழமையான நடை, 6 காலடியில கடந்தா 30 அங்குலம், அப்பிடி எட்டி எட்டி வைச்சுக்கொண்டு ட்றம்பெட்டில நீட்டி ஒரு சுரம் பிடிக்கச் சொன்னா மூச்சுக் குலுங்கிச் சத்தமும் குலுங்கும். அப்ப பாட்டு எழுதுறவர் நீட்டுச் சுரம் வைச்ச இடத்தில ட்ரில் எழுதுறவர் அந்தப் பிள்ளையைத் தூரத்துக்குக் கலைக்கேலாது. பாஸ் ட்ரம் காவுற பெடியனைப் பாருங்கோ, அவனுக்குத் தன்ர காலே தெரியாது, ட்ரம்முக்கு மேலால தாடையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு மட்டும் பாப்பான். அவனுக்குக் கிட்டவா, நேரான வழிதான் எழுதோணும். வளைஞ்சு போறதை மெலோடிக்காப் பிள்ளையளுக்குக் குடுக்கலாம்.

சத்தம் பிந்துற விசயம் இன்னொண்டு. பின்னுக்கு நிக்கிற ட்ரம்முக்கும் முன்னுக்கு நிக்கிற பெல் வாத்தியத்துக்கும் நடுவில 45 மீற்றர் எண்டு வையுங்கோ, சத்தம் வந்துசேர 0.13 செக்கன் பிடிக்கும். நிமிசத்துக்கு 160 பீட் போற பாட்டில ஒரு பீட் 0.375 செக்கன்தான், அப்ப மூண்டில ஒரு பங்கு பீட் பிசகுது. அதால பின்னுக்கு நிக்கிற ட்ரம்காரர் கொண்டக்டரின்ர கையைப் பாப்பினம், முன்னுக்கு நிக்கிறவை கையைப் பாக்காம பின்னால வாற ட்ரம்மைக் காதில பிடிச்சு வாசிப்பினம். ஆரை எங்க நிப்பாட்டுறது எண்டது வடிவு பாக்கிற வேலை மட்டுமில்ல. அமெரிக்காவில 1972இல இருந்து இப்பிடியான பாண்டுகளுக்குச் சம்பியன்ஷிப் நடத்திற ட்ரம் கோர்ப்ஸ் இன்டர்நஷனல் எண்ட அமைப்பு இப்ப 100 புள்ளியில காட்சிக்கு 30, இசைக்கு 30, மிச்ச 40ம் ரெண்டும் சேந்து பாக்கிறவனை என்ன செய்யுது எண்டதுக்கு.

அதால நான் சொல்லுறது நடைக்கோலம். அணிநடையில இருக்கிற நடை, பொங்கலுக்கு முத்தத்தில போடுற கோலம். கோலத்தில புள்ளி அசையாது, கோடுதான் சுத்திப் போகும், இதில புள்ளியே நடக்குது எண்டு ஆரும் சண்டைக்கு வருவியள், வாங்கோ, அதுக்குத்தான் முன்னுக்கு "நடை" போட்டிருக்கு. ஒவ்வொரு செட்டும், அதாவது எல்லாரும் வந்து நிக்கிற ஒவ்வொரு வடிவமும், ஒரு கோலம், ஒண்டில இருந்து மற்றதுக்குப் போறது கோலமாற்றம், பிள்ளை நிக்கிற டொட் புள்ளி, அதை எழுதி இடுப்பில கட்டித் தொங்கவிடுற கொப்பி புள்ளிக்கொப்பி. கவுண்டைத் தொடவேண்டாம், அது கவுண்டாவே கிடக்கட்டும்.

கிளிநொச்சியில இருந்து

---

தம்பி,

நடைக்கோலம் எனக்குப் பிடிச்சிருக்கு. "நடைக்கோலம் எழுதுறன்" எண்டு வாயிலயும் வருது. ஆனா புள்ளி வேண்டவே வேண்டாம். நான் வவுனியாவில வருசக்கணக்காப் படிப்பிக்கிறன், "உன்ர புள்ளி எது" எண்டு கேட்டா பிள்ளை 68 எண்டுதான் சொல்லும். உம்மட மடலிலயே நடுவர் குடுக்கிற புள்ளியும் வருது, பிள்ளை நிக்கிற புள்ளியும் வருது. புள்ளிக்கொப்பி எண்டா நான் மேசை லாச்சிக்குள்ள பூட்டி வைக்கிற கொப்பி. "நிலை" எண்டு போடுமன்.

அக்கா

---

அக்கா, புள்ளி விசயம் நீங்க சொல்லுறது சரி, அதை எடுத்திடுறன். ஆனா நிலை போட்டா முதலாம் நிலை, ரெண்டாம் நிலை எண்டு அதுவும் போட்டிக்குள்ளதான் போய் நிக்குது, "இடம்" எண்டாலும் முதலாம் இடம். இருப்பிடம், பிறப்பிடம் எண்டு சொல்லுறம்தான, அதே மாதிரி நிற்பிடம் எண்டு வைச்சா என்ன? "நிற்பிடத்துக்குப் போ" எண்டு கிரவுண்டில கத்திப் பாத்தன், தூரத்துக்கும் விளங்குது. கொப்பி நிற்பிடக்கொப்பி.

மற்றது, "இசையும் அசைவும்" எண்டதை முழு ஷோவுக்கும் பேரா வைப்பம் எண்டு ஒராள் தனிமடல் போட்டிருந்தார். கருத்துச் சரி, ஆனா அது சின்னப் பிள்ளையளின்ர நிகழ்ச்சிக்குப் பேராப் போச்சு, பெரிய வகுப்புப் பெடியள் அந்தப் பேரோட கிரவுண்டுக்கு இறங்கமாட்டாங்கள். ஷோவை இப்போதைக்கு ஷோ எண்டே விடுறன்.

ஞாயிற்றுக்கிழமைக்கிடையில வேற மறுப்பு வராட்டி நடைக்கோலம், கோலமாற்றம், நிற்பிடம் மூண்டையும் கைநூலில ஏத்திப்போடுவன். பாண்டோட கொடி சுழட்டிக்கொண்டு வாற கலர் கார்டுக்குச் சொல்லு வைச்சிருக்கிறவை அனுப்புங்கோ, கொடிப்படை மட்டும் வேண்டாம்.