23 ஆணியா, 11 ஆணியா? பாராத் கர் சுவரில் நம்மூர் ஓவியங்கள்

ஜமுனாபார்_ஜம்பு:
'தங்கரேக்கு' என்ற பெயரில் எழுதுகிறவர் நேற்று இங்கே ஒன்று சொன்னார்: "டில்லியில் ஒவ்வொரு பொதுக் கட்டடத்திலும், சமுதாயக் கூடத்திலும் உள்ளூர் ஓவியர்களின் படங்களை மாட்டலாம், செலவே கிடையாது." படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. யமுனைக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பு சொசைட்டியில், பெயர் வேண்டாம், மூன்று வருஷம் பொருளாளராகக் குப்பை கொட்டியவன் நான். எங்கள் பாராத் கரில், அதாவது கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடும் சமுதாயக் கூடத்தில், பொங்கலை ஒட்டிப் பத்து நாள் ஓவியக் காட்சி வைத்தார்கள். படங்களை இறக்கிய மறுநாள் நானே ஸ்டூல் போட்டு ஏறி எண்ணினேன். 23 ஆணித் துளை. டிஸ்டெம்பர் அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, உள்ளே செங்கல் பல்லிளித்தது. துளை அடைக்கும் புட்டி மாவு வைத்துத் தேய்த்து மறுபடி வண்ணம் அடித்த பில் யார் தலையில் விழுந்தது? கலை வளரட்டும் ஐயா. வேறு யார் சுவரிலாவது வளரட்டும்.

தங்கரேக்கு:
"பெரிய செலவு கிடையாது" என்றுதான் எழுதினேன். 'பெரிய' என்ற சொல்லைச் சார் சாப்பிட்டுவிட்டார். போகட்டும். அந்தக் காட்சியில் என் அம்மாவின் படங்களும் இருந்தன. மொத்தம் 11 படம், படத்துக்கு ஓர் ஆணி, ஆக 11. மீதி 12 ஆணி யார் அடித்தது என்று சாருக்கு நன்றாகத் தெரியும். காட்சி நடந்துகொண்டிருந்தபோதே நடுவில் ஒரு நாள் கல்யாணத்துக்குக் கூடத்தை வாடகைக்கு விட்டார்கள். பந்தல் போடும் டென்ட்வாலா வந்து படங்களுக்கு மேலேயே ரோஜா நிறத் துணி கட்டினான். துணி நிற்க ஆணி வேண்டுமே, அடித்தான். சுவர் அதிர்ந்து அம்மாவின் வெண்ணெய்க் கிருஷ்ணன் ஓர் ஓரமாகத் தொங்கினான். தஞ்சாவூர் ஓவியம் காகிதப் படம் இல்லை. பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்து மேடாக்கி, அதன்மேல் தங்கரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுவது. வெண்ணெய்ப் பானையின் கழுத்திலிருந்து கிருஷ்ணனின் முழங்கை வரை முடி அளவு ஒரு விரிசல். விரலை வைத்தால் ரேக்கு செதிலாக எழும்புகிறது. அம்மாவுக்கு 71 வயது. அந்தப் பில்லை யாரிடம் நீட்டுவது?

சந்தைக்கடை_சரவணன்:
செங்கல் பல்லிளிக்கிறது, ரேக்கு செதில் செதிலாக எழும்புகிறது. இரண்டு பேரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.

துவாரகா_துரை:
ஒரு சின்னக் கேள்வி. 'உள்ளூர் ஓவியர்' என்றால் யார்? அந்த சொசைட்டியில் குடியிருப்பவரா, டில்லிக்காரரா, டில்லியில் இருக்கும் தமிழரா? 'பொதுக் கட்டடம்' என்றால் சொசைட்டிக் கூடமும் சேருமா? இது தெளிவானால் பேசுவது சுலபம்.

ஜமுனாபார்_ஜம்பு:
டென்ட்வாலா துணியைக் கொக்கியில்தான் கட்டுவான். கூரையோரம் கொக்கி இருக்கிறது, நான் பொருளாளராக இருந்தபோது போட்டதுதான். அவன் ஆணியே அடிக்கமாட்டான். 23ம் ஓவியக்காரர்கள் அடித்தது. பெரிய படத்துக்கு இரண்டு ஆணி, கோணல் என்று பிடுங்கி மறுபடி ஒன்று. என் கண்ணால் பார்த்தேன். 23.

தங்கரேக்கு:
11.

கோப்பு_கோபாலன்:
அரசுக் கட்டடங்களில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளன். ஆணியை விட்டுவிட்டுக் கொஞ்சம் பெரிதாகப் பேசுவோம். சிற்பி அமர்நாத் சேகல் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? டில்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவன் முகப்புக்கூடத்துக்காக 1957ல் அவரிடம் ஒரு வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்யச் சொன்னார்கள். 140 அடி நீளம், 40 அடி உயரம். 1962ல் சுவரில் ஏறியது. 1979ல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, சேகலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். துண்டுதுண்டாகப் போனது, சில துண்டுகளைக் காணவேயில்லை. 1992ல் வழக்குப் போட்டார். 2005ல் டில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் நஷ்டஈடும் விதித்தது. பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவு. படைப்பை விலைக்கு வாங்கியவருக்கும் அதைச் சிதைக்க உரிமை கிடையாது. அம்மாவின் கிருஷ்ணனுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

ஜமுனாபார்_ஜம்பு:
கோபாலன் சார் கோப்பைப் பாதிதான் புரட்டியிருக்கிறார். அதே 57ஆம் பிரிவில் ஒரு விளக்கம் உண்டு: படைப்பைக் காட்சிக்கு வைக்காமல் விட்டாலோ, படைத்தவர் திருப்திப்படும்படி வைக்காவிட்டாலோ அது உரிமை மீறல் ஆகாது. அதாவது மாட்டியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்னொன்று, விஞ்ஞான் பவன் சிற்பத்தை அரசே கேட்டு வாங்கியது. எங்கள் கூடத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள். 23.

கோப்பு_கோபாலன்:
காட்டாமல் இருப்பது வேறு, உடைப்பது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

லோதிகார்டன்_லோகு:
ஆணியே இல்லாமலும் செய்யலாமே. லோதி காலனி அரசுக் குடியிருப்பு பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சில வருஷமாக அந்தச் சுவர்களிலேயே நேராக வரைந்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் போங்கள். கொடியில் பனியன் காய்கிறது, பக்கத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு படம். நான் பார்த்தவரை குடியிருப்பவர் யாரும் சண்டை போடவில்லை. 2017ல் பீகாரில் மதுபனி ரயில் நிலையம் முழுக்க அந்த ஊர் ஓவியர்களே கூலி வாங்காமல் வரைந்தார்கள்.

தங்கரேக்கு:
"கூலி வாங்காமல்" என்பதை எவ்வளவு பெருமையாகச் சொல்கிறீர்கள் லோகு! கூடத்தில் ஒரு விழா என்றால் டென்ட்வாலாவுக்குக் காசு, இனிப்புப் போடும் ஹல்வாயிக்குக் காசு, ஜெனரேட்டர்காரனுக்குக் காசு. படம் போட்டவருக்கு மட்டும் ஒரு பொன்னாடை. அம்மாவிடம் ஏழு பொன்னாடை இருக்கிறது. தலையணை உறைகூடத் தைக்க முடியாது, குத்தும்.

ஜமுனாபார்_ஜம்பு:
லோதி காலனியில் வரைந்தவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். அதுவா உள்ளூர்?

துவாரகா_துரை:
அதைத்தானே முதலிலேயே கேட்டேன்.

நொய்டா_நாகு:
நான் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவன். அதே கூடத்தில் காட்சி வைக்க விண்ணப்பம் கொடுத்தேன், "நீங்கள் உத்தரப்பிரதேசம், டில்லிக்காரர்களுக்குத்தான்" என்றார்கள். என் வீட்டு மாடியில் நின்றால் அந்தக் கூடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரியும். கையெழுத்துப் போட்டுத் தள்ளுபடி செய்தவர் யார் என்று ஜம்பு அண்ணன் சொல்லட்டும்.

ஜமுனாபார்_ஜம்பு:
விதி விதிதான் தம்பி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் உன்னையும் விட்டிருந்தால் 23 என்பது 40 ஆகியிருக்கும். தங்கரேக்கு மேடத்துக்கும் ஒன்று: அசல் தஞ்சாவூர்ப் படம் பலாப் பலகையில் செய்வது. பிளைவுட்டில் செய்ததும் பருவம் மாறும்போது தானே விரிசல் விடலாம். டில்லி மே மாதத்தில் காற்று காய்ந்துகிடக்கும், ஆகஸ்டில் சுவரே ஓதம் ஏறி வியர்க்கும். சுத்தியல்மேல் பழி போடவேண்டாம்.

தங்கரேக்கு:
இப்போது ஓவியத்திலும் நிபுணரா? இன்று பெரும்பாலோர் பிளைவுட்டில்தான் செய்கிறார்கள். போன பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலில் டால்டா கலந்த கணக்கை எழுதியவர்தானே நீங்கள்?

ஜமுனாபார்_ஜம்பு:
நெய்தான். பில் இருக்கிறது.

கோப்பு_கோபாலன்:
தயவுசெய்து கேளுங்கள், ஆணிப் பிரச்சினைக்குத் தீர்வு இருக்கிறது. கூரைக்கு ஒரு சாண் கீழே ஓர் அலுமினியப் பட்டையை ஒரே தடவை பதித்துவிடலாம். அதிலிருந்து மெல்லிய கம்பி, கம்பியில் நகர்த்தக்கூடிய கொக்கி. அப்புறம் எத்தனை காட்சி வைத்தாலும் சுவரில் புதுத் துளை வராது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வரவேண்டும், கண் மட்டத்துக்கு. நம் கூடங்களில் பெரும்பாலும் மின்விசிறிக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள். கழுத்து வலிக்கிறது.

ஜமுனாபார்_ஜம்பு:
அந்தப் பட்டையைப் பதிக்க எத்தனை துளை?

கோப்பு_கோபாலன்:
இரண்டடிக்கு ஒன்று. 30 அடிச் சுவருக்கு 16.

ஜமுனாபார்_ஜம்பு:
பதினாறு! மேடம் சொல்லும் 11ஐ விட 5 அதிகம். இதுதான் தீர்வா?

தங்கரேக்கு:
அப்படியானால் 11 என்று ஒப்புக்கொண்டீர்கள்.

ஜமுனாபார்_ஜம்பு:
"மேடம் சொல்லும்" என்று எழுதியிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியவேண்டும். 23.

சந்தைக்கடை_சரவணன்:
டீ முடிந்தது. பக்கத்தில்தான் இருக்கிறேன், நேரில் போய் எண்ணிவிட்டு வரட்டுமா?

லோதிகார்டன்_லோகு:
புட்டி வைத்து மூடியாகிவிட்டதே, எதை எண்ணுவீர்கள்?

ஜமுனாபார்_ஜம்பு:
மூடுவதற்கு முன்னால் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இப்படி யாராவது கிளம்புவார்கள் என்று தெரியும். மேலே ஏற்றியிருக்கிறேன், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கரேக்கு:
பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன். கீழே ஒரே மட்டத்தில் வரிசையாக 11 புள்ளி. அதுதான் எங்களுடையது. மற்றதெல்லாம் மேலே, கூரையோரம். அவ்வளவு உயரத்தில் யார் படம் மாட்டுவார்கள்? துணிதான் கட்டுவார்கள். ஒரு புள்ளியில் ரோஜா நிற நூல்கூடத் தொங்குகிறது. கொக்கியில் கட்டினானாம்!

ஜமுனாபார்_ஜம்பு:
அது நூல் இல்லை, ஒட்டடை. மேல் வரிசையில் 12 இருக்கிறதா இல்லையா? 11ம் 12ம் எத்தனை?

சந்தைக்கடை_சரவணன்:
ஜம்பு அண்ணே, மேல் வரிசையில் வலது கோடியில் இருக்கும் புள்ளிக்கு வால் இருக்கிறது.

நொய்டா_நாகு:
பல்லி! 22 ஆணி, ஒரு பல்லி.

கோப்பு_கோபாலன்:
டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் பல்லி இருப்பது சகஜம். ஆனால் ஜனவரிக் குளிரில் டில்லியில் பல்லி வெளியே வருவது சந்தேகம்.

ஜமுனாபார்_ஜம்பு:
கேட்டீர்களா? பொறியாளரே சொல்லிவிட்டார். அது வளைந்த ஆணி. 23.

தங்கரேக்கு:
ஹீட்டர் போட்டிருந்தால் வரும்.

துவாரகா_துரை:
யாராவது என் கேள்விக்கு…

ஜமுனாபார்_ஜம்பு:
கூடத்தில் ஹீட்டரே கிடையாது. ஹீட்டர் வாங்க நான் தீர்மானம் கொண்டுவந்தபோது எதிர்த்துக் கை தூக்கியது யார் வீடு என்று பதிவேட்டில் இருக்கிறது. எடுத்துப் போடட்டுமா?