"பழைய வாஷரே போதும்" என்றவர் வந்து என் பார்க்கிங்கைத் துடைப்பாரா?

தரைத்தளம் பி3 (ஞாயிறு இரவு 9:40)
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "வீட்டில் ஆயில் மாற்றுவது ஒரு ஈடு இட்லி வேகிற நேர வேலை. 20 நிமிடம். பழைய ஆயிலை வடிக்கத் திறக்கிற டிரெயின் போல்ட்டுக்கு வாஷரைப் புதிதாகப் போடச் சொல்வது காசு பிடுங்கத்தான். பழையதையே போட்டு முறுக்குங்கள்." நம்பினேன். காலை 9 மணிக்கு ஜாக்கி போட்டவன் முதுகை நிமிர்த்தியபோது மணி ஒன்றரை. ஆயில் நேர்கீழே விழும் என்று டப்பாவை வைத்தால், அது ஒரு சாண் தள்ளிப் பீய்ச்சியது. டப்பாவை நகர்த்தினால், வேகம் குறைந்து பழைய இடத்திலேயே வந்து சொட்டுகிறது. போல்ட் கை நழுவி டப்பாவுக்குள் போய்விட்டது. சுடச்சுட ஆயிலில் விரல் விட்டுத் துழாவினேன். அதுகூடப் போகட்டும். மாலையில் பார்த்தால் வண்டிக்கடியில் தோசைக்கல் அளவுக்குக் கறை. சங்கச் செயலாளர் படம் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். எல்லாம் ஒரு வாஷரால்.

எண்ணூறு ஓட்டி (9:52)
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், எனக்கு ஒன்றும் இல்லை. என் மாருதி 800, 1994 மாடல். வாங்கிய நாளிலிருந்து ஆயில் மாற்றுவது நான்தான். வாஷருக்கென்று கடைப்படி ஏறியதே இல்லை. ஒரு சொட்டு ஒழுகியது கிடையாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கிளிக் ரெஞ்ச் (10:05)
சார், அந்த வாஷர் 20 ரூபாய். அலுமினியம். முறுக்கும்போது அது நசுங்கிக்கொடுத்து போல்ட்டுக்கும் ஆயில் நிற்கிற சேம்பருக்கும் நடுவில் இருக்கிற மேடு பள்ளத்தை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி அப்படி நசுங்காது. 3 லிட்டர் நல்ல ஆயில் வாங்க முடிந்தவருக்கு 20 ரூபாய் வலிக்குமா?

எண்ணூறு ஓட்டி (10:09)
20 ரூபாய் பிரச்சினை இல்லை. தேவையா என்பதுதான் கேள்வி. நான் செம்பு வாஷர் வைத்திருக்கிறேன். அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும், புதுசு மாதிரி. இதெல்லாம் யூடியூபில் வராது.

கிளிக் ரெஞ்ச் (10:14)
போன வாரம் செம்பு என்று ஒரு வார்த்தை எழுதினீர்களா? பி3 போட்டது அலுமினியம். அதை அடுப்பில் வைத்துப் பாருங்களேன். சிவப்பதற்கு முன்பே, 660 டிகிரியில், உருகி ஓடிவிடும். அப்புறம் வாஷரைக் கரண்டியில் அள்ளத்தான் வேண்டும்.

லேத் பட்டறை (10:20)
பி3 தம்பி, கசிவு போல்ட்டில்தானா, பார்த்தீர்களா? பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் புது ஃபில்டரை அதன்மேல் மாட்டினால் ரப்பர் இரட்டையாகிவிடும். எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷரில் அது பிதுங்கினால் மொத்த ஆயிலும் வெளியே. பார்க்கிற வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள்.

எண்ணூறு ஓட்டி (10:22)
அலுமினியமோ செம்போ, முறுக்குகிற கைதான் முக்கியம். என் கைக்குக் கணக்குத் தெரியும். முறுக்குகிற வலுவை அளக்கிற டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டால் மெக்கானிக் ஆகிவிட முடியாது. போன தீபாவளிக்கு இதே கிளிக் ரெஞ்ச் சார்தானே 35 நியூட்டன் மீட்டர் வைப்பதற்குப் பதிலாக, அந்தப் பக்கத்து அடி-பவுண்டு கோட்டில் 35 வைத்து முறுக்கியவர்? 47 நியூட்டன் மீட்டர்! சேம்பரில் மரை போய், ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை போட லேத்துக்கு ஓடினாரே.

கிளிக் ரெஞ்ச் (10:31)
நான் செய்த தப்பை நானே இங்கே எழுதினேன், அடுத்தவர் செய்யக்கூடாது என்று. அதற்கும் வாஷருக்கும் என்ன சம்பந்தம்? மரை போனபோதும் என் வாஷர் புதுசுதான்.

எண்ணூறு ஓட்டி (10:32)
புது வாஷர், போன மரை. நல்ல ஜோடி.

டீசல் தங்கம் (10:40)
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழைய ஆயிலை என்ன செய்தீர்கள் பி3?

தரைத்தளம் பி3 (10:44)
பால்கனியில் ஒரு கேனில் இருக்கிறது. வீட்டில் அதற்குத் தனிச் சண்டை நடக்கிறது.

எண்ணூறு ஓட்டி (10:46)
வேலிக்காலில் பூசுங்கள். கரையான் அண்டாது. எங்கள் தோட்டத்தில் எப்போதும் அப்படித்தான்.

டீசல் தங்கம் (10:51)
மண்ணில் ஊறிக் கிணற்றுத் தண்ணீருக்குப் போகட்டும் என்கிறீர்களா? 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு ஐயா. பட்டறையில் கொடுத்தால் பீப்பாயில் சேர்த்து வைத்து, சுத்திகரிக்க எடுத்துப் போகிறவர்களிடம் கொடுப்பார்கள்.

எண்ணூறு ஓட்டி (10:55)
டீசல் வண்டி வைத்துக்கொண்டு சுற்றுச்சூழல் பாடமா? டயருக்கு நைட்ரஜன் வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்று நான் எழுதியபோதும் சண்டைக்கு வந்தது நீங்கள்தான். மறக்கவில்லை.

டீசல் தங்கம் (10:57)
நைட்ரஜனை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் கேட்டது கிணற்றைப் பற்றி.

கிளிக் ரெஞ்ச் (10:58)
பேச்சு மாறுகிறது. வாஷருக்குப் பதில் வரவில்லை. 20 ரூபாய்.

எண்ணூறு ஓட்டி (11:01)
பதில் சொல்லிவிட்டேன். 1994 மாடல். ஒரு சொட்டு இல்லை. இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

தரைத்தளம் பி3 (11:20)
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். ஃபில்டர் பக்கம் ஈரமாக இருக்கிறது. போல்ட் பக்கமும் ஈரம்தான். எது முதலில் என்று தெரியவில்லை. செயலாளர் வேறு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

எண்ணூறு ஓட்டி (11:21)
பார்த்தீர்களா! ஃபில்டர்! வாஷர் மேல் பழி போட்டு என் மானத்தை வாங்கினீர்களே.

கிளிக் ரெஞ்ச் (11:22)
"போல்ட் பக்கமும்" என்று எழுதியிருக்கிறார். கண்ணாடி போட்டுப் படிக்கவும்.

எண்ணூறு ஓட்டி (11:24)
ஃபில்டரில் ஒழுகினது வழிந்து போல்ட்டுக்கு வந்திருக்கும். இதற்குக் கண்ணாடி வேண்டாம், மூளை போதும்.

கிளிக் ரெஞ்ச் (11:25)
போல்ட்டில் ஒழுகினதுதான் வண்டி ஓடின காற்றில் ஃபில்டர் வரைக்கும் அடித்திருக்கும்.

லேத் பட்டறை (11:31)
ஓடின காற்றா? தம்பி, வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்களா? டிப்ஸ்டிக்கில் ஆயில் எவ்வளவு நிற்கிறது?

எண்ணூறு ஓட்டி (11:33)
வாஷர் விஷயத்தை முடிக்காமல் யாரும் டிப்ஸ்டிக்குக்குத் தாவ வேண்டாம்.