மறு: ‘மூர்’ நிலத்துக்குச் சொல் – கரம்பு வேண்டாமே

வணக்கம்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதில் வரும் ‘மூர்’ (moor: புல்லும் புதரும் சதுப்புமான திறந்த மேட்டுநிலம்) என்பதற்குத்தான் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன், உங்கள் யோசனைகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். அடுத்த மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள்.

> கரம்பு என்றே போடலாம். பயிரிடாத நிலம், எல்லாருக்கும் புரியும்.

ஐயா, அப்படிப் புரிந்துவிடும் என்பதுதான் என் கவலை. யாரும் கைவைக்காத நிலம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கி.மு. 1500 வாக்கிலேயே அங்கே நீண்ட கல்வரப்புகள் போட்டு நிலத்தைப் பிரித்திருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டு முதல் ஓடைப் படுகைகளைத் தோண்டி, அலசி வெள்ளீயம் எடுத்தார்கள். டாவிஸ்டாக், ஆஷ்பர்ட்டன், சாக்ஃபர்ட் ஆகிய ஊர்களில் அதை எடைபோட்டு, முத்திரையிட்டு, வரி வாங்க 1305-இல் அரச பட்டயமே உண்டு. வெள்ளீயம் உருக்கக் கரி? அந்த நிலத்திலேயே முற்றா நிலக்கரியை (சதுப்பில் மட்கிப் படிந்த செடிகொடிகள்) வெட்டிச் சுட்டுக்கொண்டார்கள். அங்குள்ள ஹேடாரில் 1820-இல் தண்டவாளத்தையே கருங்கல்லில் செதுக்கிப் போட்டு, குதிரைகளை வைத்துக் கல்வண்டி இழுத்தார்கள். 1831-இல் திறந்த லண்டன் பாலத்துக்கு அந்தக் கல் போயிற்று. இவ்வளவும் கரம்பில் நடந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்புறம், ஏரியில் அள்ளும் கரம்பை மண்ணோடும் குழம்பும்.

> முல்லைக்குரிய ‘புறவு’ இருக்க வேறு சொல் எதற்கு?

அழகான சொல், அக்கா. ஆனால் சிபி கதையில் வரும் பறவையும் புறவுதான். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், பத்தில் எட்டுப் பேர் புறா என்றார்கள். பறவைக்கும் நிலத்துக்கும் ‘புறம்’தான் வேரா என்று ஏழு மடல் ஓடிவிட்டது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், எனக்கும் ஆசைதான்.

> மேட்டுச்சதுப்பு. தெளிவு, எளிமை.

சரி, ஐந்து பேர் இதையே சொல்கிறீர்கள். கால் புதையாத புல்வெளியும் புதர்வெளியும் அங்கே நிறைய உண்டு, அவற்றை எப்படிச் சதுப்பு என்பது? முல்லைத் தலைவனைக் குறும்பொறை நாடன் என்கிறோம். பொறை என்றால் கல், சிறுமலை. நான் சொன்ன ‘பொறைநிலம்’ என்றால் அந்த மேடும் கல்லும் வந்துவிடும். பொறுமை என்றும் பொருள்படும் என்று மறுத்தவருக்கு: ‘நிலம்’ சேர்ந்தபின் அந்த ஐயம் வராது.

ஆனாலும் ஐந்து பேர் சொன்னபடி வெள்ளிக்கிழமை மேட்டுச்சதுப்பே அச்சுக்குப் போகிறது. அருகில் அடைப்புக்குறிக்குள் பொறைநிலம் என்றும் போடுவேன், அதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். உச்சியில் தனித்து நிற்கும் பாறைக்குவியலை அங்கே ‘டார்’ என்கிறார்கள். அதற்கு வியாழனுக்குள் யாராவது ஒரு சொல் தாருங்கள்.