குழித் தண்ணி டிடிஎஸ்: மீட்டர் 1766, லேப் 2240. எதை எழுதறது? (அவசரம்)

கார்த்தி_அரியலூர்
வணக்கம். மைன்ல இருந்து வெளிய விடற தண்ணிக்கு லேப் ரிப்போர்ட் வந்திருக்கு. டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) லிட்டருக்கு 2240 மி.கி. எங்க மீட்டர்ல 1766தான் காட்டுது. மத்ததெல்லாம் ஓகே. சாயந்திரத்துக்குள்ள ரிப்போர்ட் ஏத்தணும்னு மேனேஜர் தலைமேல நிக்கிறார். லேப்காரங்க தப்பா போட்டுட்டாங்கன்னு எழுதி மீட்டர் ரீடிங்கையே போட்டுடலாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

செந்துறையான்
என்ன மைன் தம்பி? எங்க விடறீங்க, ஓடையா ஏரியா? இசைவாணைல (மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குடுத்த அனுமதி) லிமிட் எவ்வளவு போட்டிருக்கு? சாம்பிள் எங்க எடுத்தது, குழியிலயா, சேறு படியற செட்லிங் டேங்க் தாண்டியா? ஒண்ணுமே சொல்லாம "மத்ததெல்லாம் ஓகே"ன்னா எப்படி?

நிலக்கரி ராஜா
25 வருஷம் நிலக்கரில இருந்தவன் சொல்றேன். இது ஆசிட் தண்ணி பிரச்சனைதான். பைரைட் காத்துபட்டா கந்தக அமிலமா மாறி உலோகத்தையெல்லாம் கரைச்சுடும், டிடிஎஸ் தானா ஏறும். பிஎச் 4க்குக் கீழ இருக்கும் பாருங்க. சுண்ணாம்பு போடுங்க, சரியாயிடும்.

கார்த்தி_அரியலூர்
சுண்ணாம்புக்கல் மைன் சார். பிஎச் 7.9. ஓடைல விடறோம், லிமிட் 2100.

செந்துறையான்
சுண்ணாம்புக்கல் குழிக்கே சுண்ணாம்பு போடச் சொன்ன முதல் ஆள் நம்ம ராஜா அண்ணன்தான் 😄

நிலக்கரி ராஜா
அவர் முதல்லயே கனிமம் என்னன்னு சொல்லியிருந்தா நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்? சரி, அப்ப வெடிமருந்துதான். அம்மோனியம் நைட்ரேட் சிந்திக் கரைஞ்சிருக்கும். நைட்ரேட் பாருங்க.

வெடிக்காரன்
நைட்ரேட் கொஞ்சம் ஏறும், ஒத்துக்கறேன். 500 மி.கி. வித்தியாசம் வர்ற அளவுக்குச் சிந்தினா முதலாளி எங்களை உள்ளயே விடமாட்டார்.

மூத்தவர்72
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மீட்டரைத் தண்ணிக்குள்ள விட்டு எடுத்தா வேலை முடிஞ்சுது. 1974 தண்ணீர்ச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, படிச்சிருக்கீரா? பிரிவு 25 இசைவுக்கு, பிரிவு 21 மாதிரி எடுக்க. வாரியம் வந்து மாதிரி எடுத்தா அங்கேயே அப்பவே நோட்டீஸ் தரணும், நீர் கேட்டா ரெண்டு பங்காப் பிரிச்சு, ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு சீல் வைக்கணும். அந்த முறைப்படி எடுக்காத மாதிரியோட முடிவு கோர்ட்ல சாட்சியா நிக்காது. இது ஏ பி சி டி. இதுகூடத் தெரியாம சுற்றுச்சூழல் பொறுப்புல எப்படித்தான் உட்கார வைக்கறாங்களோ.

செந்துறையான்
ஐயா, இது வாரியம் எடுத்த சாம்பிள் இல்லை. அவங்களே தனியார் லேபுக்கு மாசாமாசம் அனுப்பறது. வழக்கு, கோர்ட் எதுவும் இங்க வரலை.

லேப்_லட்சுமி
கார்த்தி, லேப் மேல பழி போடறதுக்கு முன்னாடி நாலு விஷயம் சொல்லுங்க:
மீட்டர்ல மைக்ரோ சீமன்ஸ் எவ்வளவு காட்டுது? (டிடிஎஸ் இல்லை, கடத்துதிறன்.)
டிடிஎஸ் ஃபேக்டர் எவ்வளவு செட் பண்ணியிருக்கு?
1413 மைக்ரோ சீமன்ஸ் காட்டவேண்டிய கரைசல் வெச்சு கடைசியா எப்ப கேலிபரேட் பண்ணீங்க?
ரிப்போர்ட்ல சல்ஃபேட் எவ்வளவு?

பம்புசெட் பாபு
எதுக்கு இவ்வளவு யோசனை? மழைத்தண்ணி தேங்கின பழைய குழி ஏதாவது பக்கத்துல இருக்கும்ல, அதுல இருந்து கொஞ்சம் கலந்து விடுங்க. 2240 ஒரே நாள்ல 1800 ஆயிடும்.

லேப்_லட்சுமி
பாபு அண்ணே, நல்ல தண்ணி ஊத்தி நீர்க்கவெச்சு லிமிட்டுக்குள்ள கொண்டுவர்றது கூடவே கூடாது. ஆய்வுக்கு வர்ற அதிகாரி முதல்ல தேடறதே பைபாஸ் குழாயைத்தான்.

பம்புசெட் பாபு
மழை பெஞ்சா அதே குழியில தானா கலக்குதே, அது மட்டும் சரியா?

கார்த்தி_அரியலூர்
2760. ஃபேக்டர் 0.64. கேலிபரேஷன் போன வாரம் பண்ணோம், 1413க்கு 1409 வந்துச்சு. சல்ஃபேட் 960.

லேப்_லட்சுமி
அப்ப மீட்டர்ல கோளாறு இல்லை, அது பண்ற கணக்குதான் உங்க தண்ணிக்குப் பொருந்தலை. மீட்டர் உப்பை எடை போடறதில்லை. மின்சாரம் எவ்வளவு கடத்துதுன்னு பாத்து ஒரு எண்ணால பெருக்குது: 2760 × 0.64 = 1766. சாதாரணத் தண்ணிக்கு அது ஓரளவு சரியா வரும். கால்சியம் சல்ஃபேட் நிறைய இருக்கற தண்ணி எடைக்கு ஏத்த அளவு மின்சாரம் கடத்தாது. அதுக்கு ஃபேக்டர் 0.7க்கு மேலதான் போகும். உங்க ஏரியாவுல களிமண்ணுக்கு நடுவுல ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்தான்) பட்டைபட்டையா ஓடும், காரை ஊர்ப் பக்கம் போனா கண்ணாலயே பாக்கலாம். 960 சல்ஃபேட் அங்க இருந்துதான் வந்திருக்கணும். அதனால 1766ஐ ரிப்போர்ட்ல போடாதீங்க.

ஆனா 2240ஐயும் நான் அப்படியே ஏத்துக்க மாட்டேன். 2760க்கு அது 0.81 வருது, கொஞ்சம் தூக்கலா இருக்கு. வடிகட்டின தண்ணியை ஆவியாக்கி, மிச்சத்தை எந்தச் சூட்டுல காயவெச்சாங்கன்னு லேப்ல கேளுங்க. 105 டிகிரின்னா ஜிப்சம் தன் படிகத்துக்குள்ள இருக்கற தண்ணியை முழுசா விடாது, அந்தத் தண்ணியும் எடையில ஏறிடும். 180ல காயவெச்சு, ஆறவெச்சு, எடை மாறாம நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப நிறுக்கணும். அவசர வேலைல 105 அடுப்புலயே டிஎஸ்எஸ்ஸோட (தண்ணில கரையாம மிதக்கற தூசு) சேத்து டிடிஎஸ்ஸையும் வெச்சுடற லேப் உண்டு.

மூத்தவர்72
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ஓடைக்கரை
நீங்க 105ஆ 180ஆன்னு பேசிட்டிருங்க. அந்தத் தண்ணி எங்க கொல்லைக்கு வந்துதான் மருதையாத்துல விழுது. மழை நாள்ல பம்பு ஓடினா வாய்க்கால் பால் மாதிரி வரும். நாலு நாள் வெயில்ல காஞ்சதும் வெள்ளையா ஓடு ஓடாப் பேரும், மம்பட்டியால செதுக்கித்தான் எடுக்கணும். அதுக்கு யார் மீட்டர் வெச்சிருக்கா?

மூத்தவர்72
பெரியவரே, ஜிப்சம் மண்ணுக்கு நல்லது. கடலைக்கு நீங்களே காசு குடுத்து வாங்கிப் போடறதுதானே.

ஓடைக்கரை
நாங்க மூட்டையில வாங்கி ஏக்கருக்கு இவ்வளவுன்னு அளந்து போடறோம் சாமி. நீங்க ராத்திரியில அளக்காமத் தொறந்து விடறீங்க.

நிலக்கரி ராஜா
குழித் தண்ணி இல்லைன்னா கோடையில அந்தப் பக்கம் பாதிக் கொல்லை காஞ்சு கெடக்கும், அதையும் சொல்லுங்க.

ஓடைக்கரை
குழி தோண்டறதுக்கு முன்னாடி எங்க கெணத்துலயே தண்ணி இருந்துச்சு. அதையும் சேத்துச் சொல்றேன்.

செந்துறையான்
ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு. அந்தப் பால் தண்ணி டிஎஸ்எஸ், அதுக்கு லிமிட் 100. மழை ஓயறதுக்குள்ள சம்ப்பை (குழி அடியில தண்ணி தேங்கற பள்ளம்) காலி பண்ணணும்னு ரெண்டு பம்பையும் ஓட்டினா செட்லிங் டேங்க்ல தண்ணி நிக்கவே நிக்காது, சேறோட ஓடிடும். கார்த்தி, உங்க சாம்பிள் எந்த நாள் எடுத்தது? மழை நாளா, வெயில் நாளா?

வெடிக்காரன்
மாசாந்திர சாம்பிளை மழை நாள்ல எடுக்கற மைனை நான் இன்னும் பாக்கலை 😂

மூத்தவர்72
அப்படிப் பொத்தாம்பொதுவாச் சொல்லாதீரும். எங்க காலத்துல…

*(இதுக்கப்புறம் "எங்க காலம்" பத்தின 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாத்தியாச்சு. தலைப்பைவிட்டு விலகாதீங்க. – மட்டுறுத்துநர்)*

கார்த்தி_அரியலூர்
லேப்ல கேட்டேன். 105லதான் வெச்சாங்களாம். மிச்ச சாம்பிளை 180ல திரும்பப் பண்ணினாங்க, 2060. திருத்தின ரிப்போர்ட் ஏத்தியாச்சு. நன்றி லட்சுமி மேடம்.

லேப்_லட்சுமி
நல்லது. ஆனா 2060ன்னா லிமிட்டுக்கு வெறும் 40தான் இடைவெளி, சல்ஃபேட்டும் அதோட லிமிட் 1000ஐ ஒட்டி நிக்குது. கோடையில குழித் தண்ணி வத்தினா ரெண்டும் தாண்டிடும். ஜிப்சம் ஊத்து எந்த பெஞ்ச்ல (குழியோட படி) இருந்து வருதுன்னு தனித்தனியா சாம்பிள் எடுத்துப் பாத்து, அந்தத் தண்ணியைத் தனியாப் பிரிச்சு வையுங்க. தூசிக்கு ரோட்டுல அடிக்க அதையே எடுத்துக்கலாம், இசைவாணைல அதுக்கு இடம் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. இன்னொண்ணு, இதுக்கு முந்தின மாச ரிப்போர்ட்டுக்கெல்லாம் எத்தனை டிகிரியில காயவெச்சாங்க?

செந்துறையான்
சாம்பிள் எடுத்த நாளையும் சொல்லிட்டுப் போங்க தம்பி.

ஓடைக்கரை
ராத்திரி பம்பு பத்தி நான் கேட்டதுக்கும்.

கிரானைட் குமார்
இதே மாதிரிதான், எங்க குவாரில தண்ணி பச்சையா இருக்கு. விடலாமா?

செந்துறையான்
எந்த ஊர்? எங்க விடறீங்க? புது இழை தொறங்க குமார்.