சாம்பல் நோய் வந்த வெள்ளரிக்குக் கைட்டோசான் கேட்குமா?

கொடிக்காரன்:
வெள்ளரியில் கீழ் இலை நாலைந்து மாவு தூவின மாதிரி வெளுத்துவிட்டது, மேலே இன்னும் சுத்தமாக இருக்கிறது. பூஞ்சைக்கொல்லி அடிக்க மனசில்லை. செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டலாம் என்று படித்து நேற்று கைட்டோசான் தெளித்தேன். இன்று காலை பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. அளவு பற்றவில்லையா, இல்லை இதெல்லாம் சும்மா கதையா?

இலைப்புள்ளி:
கதை இல்லை, நீங்கள்தான் தாமதம். கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. பூஞ்சாணத்தின் செல்சுவரிலும் கைட்டின் என்ற இதே வகைப் பொருள் இருப்பதால், இது மேலே பட்டதும் எதிரி வந்துவிட்டான் என்று செடி ஏமாந்துபோய் தன் செல்சுவரைத் தடிப்பாக்கி, கைட்டினைச் சிதைக்கும் நொதிகளையும் உண்டாக்குகிறது. அதற்குச் சில நாள் பிடிக்கும், ஒரே ராத்திரியில் நடக்காது. வெளுத்த இலை இனிமேல் தேறாது, கிள்ளி எறியுங்கள். புது இலையில் மாவு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.
இது புதுச் சரக்கும் இல்லை. புகையிலையின் கீழ் இலைகளில் வைரஸைத் தடவினால், தடவாத மேல் இலைகளும் சில நாளில் எதிர்ப்புக்குத் தயாராகிவிடுகின்றன என்று ராஸ் என்ற ஆய்வாளர் 1961-லேயே காட்டிவிட்டார்.

சுட்டதக்காளி:
ஒரு எச்சரிக்கை. அந்த எதிர்ப்புக்குச் சாலிசிலிக் அமிலம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அதே வகைப் பொருளான ஆஸ்பிரினைக் கரைத்துத் தக்காளிக்கு அடித்தேன். கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டேன் போல, மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி, நோயே தேவலை என்று ஆகிவிட்டது. அளவு சரியாக இருந்தாலும் அடிக்கடி தூண்டினால் செடி வளர்ச்சியை விட்டுவிட்டுச் சண்டைக்கே தயாராகிக்கொண்டிருக்கும், காய் குறையும்.

வேர்முடிச்சு:
அடுத்த விதைப்புக்கு, கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். அது வேரில் குடியேறி, இலை வரைக்கும் செடியை உஷார்ப்படுத்தும். வெள்ளரிக்குச் சிலிக்கானும் வேர் வழியாகக் கொடுக்கலாம், சாம்பல் நோயை நன்றாகவே தாங்கும். தக்காளிக்குப் போட்டு வீணாக்க வேண்டாம், அது சிலிக்கானை அவ்வளவாக உறிஞ்சாது.

கொடிக்காரன்:
சரி, இலைகளைக் கிள்ளிவிட்டேன். அப்புறம், விதை நேர்த்தி செய்து விதைத்தாலும் கைட்டோசான் அடிக்க வேண்டுமா?

இலைப்புள்ளி:
அடிக்கலாம், நோய் வருகிற பருவத்துக்கு ஒரு வாரம் முன்னால். மாவைப் பார்த்த பிறகு இல்லை.